லண்டன் சொலிசிட்டரின் பில்: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

கடலோர வீடு, வெள்ளவத்தை

தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளும் ஏழு வயது மகனும் வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார்கள். கணவர் லண்டனில். போன வருடம் அவர் அங்கேயே விவாகரத்துக்குப் போட்டார். அதை இவள் மறுக்கவில்லை. லண்டன் ஹரோவில் இருக்கும் வீடு, அவருடைய பென்சன், பிள்ளையின் செலவு, இந்த மூன்றுக்கும்தான் இப்போது இழுபறி. அங்கே ஒரு சொலிசிட்டரை (வழக்கின் வேலைகளைப் பார்க்கும் லோயர்) பிடித்தோம். மணித்தியாலத்துக்கு 320 பவுண் என்றார்கள், முதல் கோட்ஸ் தவணை முடியும்வரை 3,500 முதல் 5,000 பவுண் வரை வரும் என்று கடிதமும் தந்தார்கள், முற்பணமாக 2,000 கட்டினோம்.

முதல் பில் 1,440. இரண்டாவது 2,816. இரண்டையும் கனடாவில் இருக்கும் அண்ணா கேள்வி கேட்காமல் கட்டிவிட்டார். மூன்று கிழமைக்கு முன்னர் மூன்றாவது வந்தது: 4,912 பவுண், அதன்மேல் 20 வீத வற் வரி 982.40, எல்லாமாக 5,894.40. பவுண் 400 ரூபா என்று வைத்தால் இருபத்து மூன்றரை இலட்சம். முதல் தவணையே இன்னும் வரவில்லை, அதற்குள் வற் இல்லாமலே 9,168 ஆகிவிட்டது. பில்லைப் பார்த்த இரவு தங்கச்சி சாப்பிடவில்லை. அண்ணாவுக்குச் சொல்லவும் பயப்படுகிறாள்.

விபரம் கேட்டதற்கு ஒரு தாள் அனுப்பினார்கள். ஈமெயில் 41 யூனிட் 1,312. போன் 12 யூனிட் 384. ஆவணங்கள் வாசித்தது, பயிலுநர், ஆறரை மணித்தியாலம், 1,040. பாரிஸ்டரோடு (கோட்ஸில் வாதாடும் லோயர்) சந்திப்பு, சொலிசிட்டர் 480, பயிலுநர் 240. பாரிஸ்டரின் கட்டணம் 1,200. கோப்பு ஒழுங்குபடுத்தல் 8 யூனிட் 256. யூனிட் என்றால் என்ன என்றே எங்களுக்கு விளங்கவில்லை. 14 நாளுக்குள் கட்டச் சொல்கிறார்கள், அந்த 14 நாளும் போய்விட்டது. கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு வழக்கை விட்டுவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். வென்றால் இந்தச் செலவையெல்லாம் கணவர்தானே கட்ட வேண்டிவரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளைச் சந்தி

அக்கா, நான் இதே பாதையில் போய் வந்தவள், அதனால் முதலில் யூனிட்டைச் சொல்கிறேன். ஒரு மணித்தியாலத்தை ஆறு ஆறு நிமிடமாகப் பத்துத் துண்டு போடுவார்கள், ஒரு துண்டு ஒரு யூனிட். 320 பவுண் என்றால் யூனிட்டுக்கு 32, நம் காசில் 12,800 ரூபா. "சரி, நன்றி" என்று ஒரு வரி அனுப்பினாலும் அதை ஒருவர் திறந்து பார்க்கிறார், அதற்கும் ஒரு யூனிட் விழலாம். நான் இரவில் தூக்கம் வராமல் நினைவு வந்ததையெல்லாம் தனித்தனி ஈமெயிலாக அனுப்பினேன், ஒரே இரவில் 14. பில் வந்தபோதுதான் கண் திறந்தது. அதற்குப் பிறகு ஒரு கொப்பியில் எழுதி வைத்து கிழமைக்கு ஒரு தடவை இலக்கம் போட்டு ஒரே ஈமெயிலாக அனுப்பினேன், அடுத்த பில்லில் ஈமெயில் கணக்கு பாதிக்கும் கீழே வந்தது.

தங்கச்சி வங்கிக் கூற்றுகளை வட்ஸ்அப்பில் போட்டோ எடுத்தா அனுப்பினார்? அந்த ஆறரை மணித்தியாலத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபோம் ஈ என்று சொத்து, வருமானம் எல்லாம் எழுதும் ஒரு பெரிய படிவம் இருக்கிறது, அதற்கு 12 மாதத்து வங்கிக் கூற்று வேண்டும். கோணலாக, தலைகீழாக, மாதம் மாறி 200 போட்டோ போனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அடுக்கத்தான் வேண்டும், அந்த நேரம் உங்கள் பில்லில் வரும். வெள்ளவத்தையில் எந்த போட்டோக்கொப்பிக் கடையிலும் ஸ்கேன் பண்ணி, மாத வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தருவார்கள். லோயரின் நேரத்தோடு பார்த்தால் சின்னச் செலவு.

பழைய கணக்கப்பிள்ளை

லண்டனில் ஒரு சொலிசிட்டர் ஒபிஸில் 11 வருடம் கணக்குப் பகுதியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். பில் அனுப்புகிற பக்கத்தில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த வற் வரி. இதை யாரும் கவனிக்கவில்லை. தங்கச்சி வசிப்பது கொழும்பில், வழக்கு அவருடைய சொந்தக் குடும்ப விஷயம், வியாபாரம் இல்லை. பிரித்தானியாவுக்கு வெளியே வசிக்கும் தனியாளுக்கு லோயர் செய்து தரும் இப்படிப்பட்ட வேலை அந்த நாட்டு வற் வரிக்குள்ளேயே வராது. வீடு விற்கிற பத்திர வேலை என்றால் கதை வேறு, அது நிலம் இருக்கும் நாட்டின் விதிப்படி போகும். விவாகரத்துப் பணப் பங்கீடு அப்படி இல்லை. எங்கள் ஒபிஸிலும் புதுக் கோப்பு திறக்கும்போது விலாசத்தைக் கவனிக்காமல் வழமைப்படி 20 வீதம் விழுந்துவிடும், யாராவது கேட்டால்தான் திருத்துவோம். மூன்று பில்லிலும் போட்டிருந்தால் 288, 563.20, 982.40, கூட்டினால் 1,833.60 பவுண். ஏழு இலட்சம் ரூபாவுக்கு மேல். காசு அனுப்புவது கனடா அண்ணா என்பதால் இது மாறாது, கிளையன்ட் யார், அவர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் கணக்கு. தங்கச்சியின் பாஸ்போட், இங்கே வசிப்பதைக் காட்டும் மின்சாரப் பில் அல்லது வங்கிக் கடிதம் ஒன்றை இணைத்து, மூன்று பில்லையும் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, 5,000 வரை என்று சொன்ன மதிப்பீடு. அது நிலையான விலை இல்லை, கூடலாம். ஆனால் சொலிசிட்டர்களை மேற்பார்க்கும் எஸ்ஆர்ஏயின் விதி, ஆரம்பத்திலும் வழக்கு நகர நகரவும் மொத்தச் செலவு எவ்வளவு வரும் என்று இயன்ற அளவு தெளிவாகக் கிளையன்டுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 5,000ஐத் தாண்டப் போகிறது என்று எந்தத் திகதியில், எந்தக் கடிதத்தில் சொன்னார்கள் என்று கேளுங்கள். சொல்லாமலே தாண்டியிருந்தால் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான கேள்வி இதுதான். ஈமெயில்களுக்குள் "புதிய மதிப்பீடு" என்று ஒரு பந்தி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நாலாம் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவது, வரிவரியாகப் பார்த்தால்: கோப்பு ஒழுங்குபடுத்தல் 256 பவுண் என்பதை நான் விடவே மாட்டேன். கடிதங்களைக் கோப்பில் போடுவது ஒபிஸ் வேலை, அது ஏற்கெனவே மணித்தியாலக் கட்டணத்துக்குள் இருக்கிறது. பாரிஸ்டர் சந்திப்பில் பயிலுநர் என்ன செய்தார், குறிப்பெடுத்தாரா, இல்லை பழகுவதற்காக உட்கார்ந்திருந்தாரா என்று கேளுங்கள். பழகுவதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பாரிஸ்டரின் 1,200க்கு அவருடைய பில்லின் கொப்பி கேளுங்கள். முற்பணம் 2,000 எங்கே என்றும் கேளுங்கள், எந்தப் பில்லிலும் கழிபடவில்லை என்றால் அது கிளையன்ட் கணக்கில் உங்கள் காசாகவே இருக்க வேண்டும்.

கடைசியாக, நாள். இதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டம், 70ஆம் பிரிவு: பில் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கேட்டால் அதைக் கோட்ஸ் மூலம் வரிவரியாக மதிப்பிடுவிக்க உங்களுக்கு நிபந்தனையற்ற உரிமை உண்டு. ஒரு மாதம் தாண்டினால் 12 மாதம் வரை கேட்கலாம், ஆனால் கோட்ஸ் நிபந்தனை போடலாம். பில்லை முழுதாகக் கட்டிவிட்டால் விசேட காரணம் காட்ட வேண்டும், கட்டி ஒரு வருடம் போய்விட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வழக்கு முடியுமுன் இடையில் வரும் இடைக்காலப் பில் என்றால் நாள் எண்ணுவது சில நேரம் வேறு மாதிரி, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது.

அதற்காக உடனே கோட்ஸுக்கு ஓடுங்கள் என்று சொல்லவில்லை. மதிப்பீட்டில் பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் பொதுவாக அந்த மதிப்பீட்டுச் செலவு சொலிசிட்டர் தலையில், அவ்வளவு குறையாவிட்டால் உங்கள் தலையில். சில நூறு பவுணுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம். நீங்கள் போக வேண்டிய வழி, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. அதற்கு 8 கிழமை தர வேண்டும். பதில் திருப்தியில்லை, அல்லது பதிலே இல்லை என்றால், லோயர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மன். அது இலவசம், கொழும்பில் இருந்தும் போடலாம். நிறுவனத்தின் இறுதிப் பதிலில் இருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும், பிரச்சினை நடந்து அல்லது தெரியவந்து ஒரு வருடத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

கடலோர வீடு, வெள்ளவத்தை

கணக்கப்பிள்ளை அண்ணா, கும்பிட்டுச் சொல்கிறேன், நன்றி. போய்ப் பார்த்தேன், மூன்று பில்லிலும் வற் இருக்கிறது. தெஹிவளைத் தங்கச்சி சொன்னதும் சரி, எல்லாம் வட்ஸ்அப் போட்டோதான்.

ஆனால் அடுத்த மாதம் தவணை. இப்போது முறைப்பாடு என்று எழுதினால் அந்தச் சொலிசிட்டர் மனுசி மனத்துக்குள் வைத்துக்கொண்டு தவணையன்று அரைமனத்தோடு நின்றால் என்ன செய்வது? இங்கே லோயரிடம் காசுக் கணக்கு கேட்டு நான் பழகவில்லை. அப்பாவின் காணி வழக்கில் தவணைக்குத் தவணை கொடுத்தோம், ஒரு துண்டு ரசீது வாங்கியதில்லை.

புதுக்கடை ஜூனியர்

அக்கா, நான் புதுக்கடையில் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன், நீங்கள் கடைசியாகச் சொன்னதை வாசிக்க மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. காணி வழக்கில் ரசீது கேட்டிருக்கலாம், கேட்க வேண்டும். நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலேயே, சட்டத்தரணி தன் கட்டணத்துக்காகக் கட்சிக்காரர்மீது வழக்குப் போடுவதானால் கையொப்பமிட்ட பில்லைக் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பில்லைப் பதிவாளர் மதிப்பிடவும் இடமுண்டு. அதைப் பாவிப்பவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் இங்கே பில் என்று ஒன்று எழுதுவதே குறைவு. தவணைக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகிறோம். மொத்தமாக எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. லண்டன் பில் பயமுறுத்துகிறது, ஆனால் கேள்வி கேட்க ஒரு தாளாவது இருக்கிறது.

சொலிசிட்டர், பாரிஸ்டர் இரண்டு பேருக்கும் ஏன் என்று நினைத்தால், நம் பழைய ஆட்கள் பிரக்கிராசி, அப்புக்காத்து என்று சொன்ன அதே பிரிவுதான். இங்கே 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி ஆக்கியது. அங்கே இன்னும் இரண்டு, அதனால் இரண்டு கட்டணம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். முறைப்பாடு என்ற சொல்லை முதல் ஈமெயிலில் போட வேண்டாம். "பில் பற்றிய கேள்விகள்" என்று தலைப்பிட்டு, தங்கச்சியின் பெயரில், அவரே அனுப்பட்டும். நீங்கள் எழுதினால் கிளையன்ட் இல்லாதவரோடு கதைக்க முடியாது என்று திருப்பி விடுவார்கள், உங்களோடும் கதைக்கலாம் என்று அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் சரி. நாலைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பில்லில் உள்ள திகதியும் தொகையும். பில் பற்றிய இந்தக் கடிதத் தொடர்புக்குக் கட்டணம் போடப்படாது என்று உறுதிப்படுத்தும்படியும் ஒரு வரி. உங்களுக்குச் சந்தேகம் இல்லாத பகுதியை, இது இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டு, மீதியை ஏற்றதாக ஆகாது என்றும் சொல்லி, அதே நாளில் கட்டுங்கள். இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். ஒன்றுமே கட்டாமல் கேள்வி மட்டும் கேட்டால், நியாயமான முன்னறிவித்தல் தந்து வேலையை நிறுத்த அவர்களுக்கு இடம் கிடைக்கும், காசு வரும்வரை கோப்பையும் பிடித்து வைக்கலாம். தவணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது வேண்டாம்.

வென்றால் கணவர் கட்டுவாரா என்று கேட்டீர்கள், இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இந்தப் பணப் பங்கீட்டு வழக்குகளில் பொது விதி, அவரவர் செலவு அவரவருக்கு. எதிர்ப்பக்கம் ஒழுங்கீனமாக நடந்தால்தான் கோட்ஸ் வேறு மாதிரிச் செய்யும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் கணவரிடம் வசதி இருந்து, தங்கச்சிக்கு வேறு எந்த வழியிலும் லோயர் காசு திரட்ட முடியாது என்றால், வழக்கு நடத்தும் செலவுக்குக் கணவர் காசு தர வேண்டும் என்று கட்டளை கேட்க 1973ஆம் ஆண்டுத் திருமண வழக்குகள் சட்டத்தில் இடம் உண்டு. அண்ணா அனுப்புவது கடனா, கொடையா என்ற கேள்வி அதில் கட்டாயம் வரும். கடன் என்றால் இப்போதே எழுதி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை 13

எல்லோரும் லோயரைச் சந்தேகப்படுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 41 யூனிட்டில் பாதிக்கு மேல் தங்கச்சி எழுதிய ஈமெயில்களாகத்தான் இருக்கும், அவற்றை அவர்கள் வாசிக்காமல் விட்டிருந்தால் அதற்கும் முறைப்பாடு சொல்லியிருப்போம். மனம் நொந்த நேரத்தில் ஆறுதலுக்கு ஒரு ஆள் வேண்டும், அது உண்மை, என் அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஆள் ஆறு நிமிடத்துக்கு 32 பவுண் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. கணவர் பழைய காலத்தில் என்ன சொன்னார், மாமியார் என்ன செய்தார் என்பதையெல்லாம் தங்கச்சி உங்களிடம் சொல்லட்டும், லோயருக்குத் தேவையானது வங்கிக் கூற்றும் திகதியும். 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு அங்கே விவாகரத்துக்கு யாருடைய பிழையும் நிரூபிக்கத் தேவையில்லை, ஆகவே அந்தப் பழைய கதைகள் வழக்குக்கு ஏறத்தாழ உதவாது.

கடலோர வீடு, வெள்ளவத்தை

பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததை எழுதிவிட வேண்டும்.

தங்கச்சியே உட்கார்ந்து எழுதினாள், ஆறு கேள்வி, ஒன்றரைப் பக்கம். அன்றைக்கே பாரிஸ்டரின் 1,200ஐயும் சந்திப்புக்குச் சொலிசிட்டரின் 480ஐயும் அண்ணா கட்டினார். அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், அவர் கோபிக்கவில்லை, "முதல் பில்லிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்" என்றுதான் சொன்னார். அனுப்பிய காசு கடன் என்று ஒரு கடிதமும் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள்.

நாலாம் நாள் பதில் வந்தது, மரியாதையான பதில். வற் தவறாகப் போடப்பட்டது என்று ஒத்துக்கொண்டு மூன்று பில்லுக்கும் திருத்தம் தந்தார்கள். கோப்பு வேலை 256, பயிலுநரின் சந்திப்பு 240, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஈமெயிலும் ஆவண வாசிப்பும் அப்படியே நிற்கிறது, திகதி வாரியாகப் பட்டியல் அனுப்பினார்கள், பார்த்தால் கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னது சரி, 41இல் 26 இவள் அனுப்பியவை. 4,912 இப்போது 4,416. முதல் இரண்டு பில்லில் கட்டிய வற் 851.20ஐக் கழித்தால் மூன்றாவது பில்லுக்கு வருவது 3,564.80. அதில் 1,680 கட்டியாயிற்று. முற்பணம் 2,000 கிளையன்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, கடைசிப் பில்லில் கழிப்போம் என்கிறார்கள்.

மதிப்பீடு தாண்டியதைப் பற்றிச் சொன்ன பதில் எனக்குத் திருப்தியில்லை. வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடியது என்கிறார்கள், முன்கூட்டியே சொன்ன கடிதம் எது என்ற கேள்விக்கு விடை இல்லை. அதை மட்டும் தனியாக முறைப்பாடாக நேற்று அனுப்பினோம், 8 கிழமை எண்ணத் தொடங்கிவிட்டோம், சுவரில் இருக்கும் கலண்டரில் தங்கச்சி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இனி ஒவ்வொரு 1,000 பவுணுக்கும் முன்னர் எழுத்தில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கேட்டோம், சம்மதித்தார்கள். தவணைக்கு இன்னும் 16 நாள். வங்கிக் கூற்று முழுவதையும் நேற்றுக் காலி வீதிக் கடையில் ஸ்கேன் பண்ணினோம், 212 பக்கம், ஒரே பிடிஎஃப்.